நோட்டில் விடுபட்ட கோபம்

கன்னியப்பனை நேரில் பார்த்திராதவர்களுக்கும் அவர் குரல் தெரியும். உத்திரமேரூரைச் சுற்றி முப்பது ஊர்களில் கண் சிகிச்சை முகாம், ரேஷன் கடையில் கைரேகைப் பதிவு, ஜவுளிக்கடைத் தள்ளுபடி, காணாமல்போன பசுமாடு, யாருக்கு எத்தனை மணிக்கு அடக்கம் என்று எல்லாச் செய்தியும் அவர் குரலில்தான் தெருவுக்குள் வரும். ஆட்டோவின் தலையில் இரண்டு ஒலிபெருக்கி, கையில் ஒரு மைக். ஐம்பத்து நான்கு வயது. திருமுக்கூடல் சாலையை ஒட்டி ஒரு ஏக்கர் நெல் வயல் உண்டு. வயலில் வேலை இல்லாத நேரமெல்லாம் ஆட்டோதான்.

மாசி மாதம் ஒரு காலையில் பாஸ்டர் ஜெகன் அவரைத் தேடி வயலுக்கே வந்தார். அடுத்த ஊரில் இருக்கும் சின்னச் சபையின் பாஸ்டர். முப்பத்தைந்து வயது இருக்கும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வழுக்கும் வரப்பில் தடுமாறித் தடுமாறி நடந்து வந்தார்.

"அண்ணே, ஒரு கதைய நீங்க பேசிக் குடுக்கணும்," என்றார்.

"இன்னா கதை?"

"இயேசு கதை. எங்க சபையில அறுவது பேரு கீறாங்க. பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிஞ்சவங்களுக்கும் அந்தப் பழைய தமிழு பிடிபட மாட்டேங்குது. நம்ம சுலோச்சனாம்மா தெரியுமில்ல, ரிட்டயர்டு நர்சு? அவங்க ரெண்டு வருஷமா உட்கார்ந்து ஒரு சுவிசேஷத்த நம்ப ஊர்ப் பேச்சுலயே நோட்டுல எழுதிக்கீறாங்க. மொத்தம் நாலு கீது. அதுல ரெண்டாவது, இருக்கறதுலயே சின்னது. அத்த பதிவு பண்ணி, கையில புடிக்கிற பிளேயர்ல போட்டு வூட்டுக்கு வூடு குடுத்துட்டா கேட்டுக்குவாங்க. ஈஸ்டருக்குள்ள முடிக்கணும்."

கன்னியப்பன் மண்வெட்டியை ஊன்றி நின்றார். "நான் கன்னியம்மாவுக்குக் கூழு ஊத்தறவன், பாஸ்டர். உங்க ஆளுங்கள்ல ஒருத்தரு பேசினா தேவலையே."

"நானே பேசிப் பார்த்தேண்ணே. பிரசங்கம் கேக்கற மாதிரி கீதுன்னு தூங்கிட்டாங்க."

கன்னியப்பன் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த பிறகு மறுக்க முடியவில்லை.

பதிவு செய்ய அமைதியான இடம் வேண்டும். அதற்கு உத்திரமேரூர் பஜாரில் முபாரக்கின் மெத்தைக் கடையைவிட நல்ல இடம் கிடையாது. முபாரக் பஞ்சு மெத்தை, தலையணை விற்பவர். கல்யாணங்களுக்கு மைக் செட்டும் விடுவார். கன்னியப்பனின் மைக் கரகரத்தால் பிரித்துப் பார்த்துச் சரிசெய்து கொடுப்பவரும் அவர்தான். கடைக்குப் பின்னால் இருந்த கிடங்கில் நான்கு பக்கமும் மெத்தைகளைத் தூக்கி நிறுத்திவைத்தார். பஸ் ஸ்டாண்டு சத்தம் அப்படியே அடங்கிவிட்டது.

"எங்களுக்கும் அவரு நபிதான் நைனா, ஈசா நபி," என்றார் முபாரக். "அவரப் பத்திப் பேச எடம் குடுக்கறதுல எனக்கு இன்னா கஷ்டம்? மத்தியானம் தொழுகைக்குப் போயிட்டு வர நேரத்துல மட்டும் கடையப் பார்த்துக்குங்க, போதும்."

முதல் நாள் சுலோச்சனா மூன்று நீள நோட்டுகளுடன் வந்தார். அறுபத்தாறு வயது. வெளுத்துக் கஞ்சி போட்ட புடவை, நிமிர்ந்த நடை. முப்பது வருஷம் கிராமச் செவிலியராக இருந்தவரின் கையெழுத்து அச்சுப்போல இருந்தது. கன்னியப்பன் முதல் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நர்சம்மா, நான் யாரு கொரல்ல பேசறேன்னு எனக்குத் தெரியணும். இவரு எப்படிப்பட்ட ஆளு?"

"ரொம்ப சாந்தமானவரு," என்றார் சுலோச்சனா, ஒரு நொடிகூட யோசிக்காமல். "அதட்டிப் பேச மாட்டாரு. கோவமே வராது."

கன்னியப்பனுக்குத் தெரிந்த சாந்தம் கோயில் ஒலிபெருக்கியில் கேட்கும் சாந்தம். ஆகவே இயேசு பேசும் இடமெல்லாம் குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, ஆழத்திலிருந்து பேசினார். முபாரக் அதற்கு லேசாக எதிரொலியும் சேர்த்தார். கேட்கக் கம்பீரமாக இருந்தது. மூன்று நாளில் இரண்டு அதிகாரம் முடிந்தது.

புதன்கிழமை காலை செவ்வந்தி வீட்டில் ஜெபக் கூட்டம். செவ்வந்தி நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் போகிறவள். சபையில் எதையும் மனதில் வைத்துக்கொள்ளாமல் பேசக்கூடியவள். பத்துப் பெண்கள் நடுவில் பிளேயரை வைத்து ஜெகன் பதிவை ஓடவிட்டார். கன்னியப்பன் வாசலில், வேப்ப மர நிழலில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பதிவு முடிந்தது. செவ்வந்திதான் ஆரம்பித்தாள்.

"கொரலு நல்லாத்தான் கீது பாஸ்டரு. ஆனா மனு குடுக்கப் போனா கலெக்டரு பேசற மாதிரி கீதே. மேல பூரா புண்ணு புடிச்ச ஒருத்தன், ஊரே வெரட்டினவன், இவரு கிட்ட எப்படி தைரியமா வந்து மண்டி போட்டான்? எனக்கே வாசல்ல நிக்கணும்னுதான் தோணுது."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஜெகன் சங்கடத்துடன் வாசலைப் பார்த்தார். கன்னியப்பனுக்குக் கோபம் வரவில்லை. தெருவில் அறிவிப்புச் சொல்லும்போது ஜனங்கள் கேட்கிறார்களா, வெறுமனே சத்தத்துக்குத் தலையைத் திருப்புகிறார்களா என்று அவருக்கு எப்போதும் தெரியும். இது தலையைத் திருப்ப வைக்கும் குரல். அவ்வளவுதான்.

அன்றைக்கு அவர் நோட்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போனார். சாயங்காலம் மனைவி சொக்கம்மாள் கூடத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருக்க, எந்தக் குரலும் போடாமல், தினத்தாள் படிப்பதுபோல உரக்கப் படித்துக்காட்டினார். பத்துப் பக்கம் போனதும் நிறுத்தினார்.

"இந்தாளு ஒரு எடத்துல நிக்க மாட்டேன்றாரு பாரேன். இங்க ஒருத்தன நல்லாக்கினாரா, ஒடனே அடுத்த ஊரு. அங்க கூட்டம் சேர்ந்துதா, ஒடனே படகு. துன்றதுக்குக்கூட நேரமில்லன்னு எழுதிக்கீது. சொந்த வூட்டு ஆளுங்களே, இவருக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு புடிச்சுகினு போக வராங்க."

"பாவம், அவங்க அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்," என்றாள் சொக்கம்மாள். "நீ மேல படி."

இரண்டு நாளில் மூன்று நோட்டையும் படித்து முடித்தார்கள். சொக்கம்மாள் இடையிடையே கேள்வி கேட்டாள். இவர் ஏன் குணமானவர்களிடம் யாருக்கும் சொல்லாதே என்கிறார்? கூட இருக்கிற பன்னிரண்டு பேருக்கும் ஏன் ஒன்றும் புரியவே மாட்டேன் என்கிறது? கன்னியப்பன் அந்த இடங்களைத் திரும்பப் படித்துக்காட்டினார். அந்த ஆள் கொஞ்சம் கொஞ்சமாகப் புலப்பட ஆரம்பித்தார். உட்கார்ந்து உபதேசம் பண்ணுகிறவர் இல்லை இவர். வேலைக்காரர். நாள் முழுக்க ஜனங்களுக்கு நடுவில் நின்று தொண்டை வறண்டவர். அந்த அலுப்பு கன்னியப்பனுக்கு நன்றாகத் தெரிந்த அலுப்பு.

அடுத்த தடவை கிடங்குக்குப் போனதும், "அந்த எதிரொலிய எடுத்துடு பாய்," என்றார். "மொதல்லேர்ந்து வரலாம்."

இப்போது இயேசு சாதாரண மனிதரின் குரலில், சற்று வேகமாக, கேட்பவர் பக்கத்தில் நிற்பதுபோலப் பேசினார். பேச்சு சரளமாக வந்தது. புயலில் படகு தத்தளிக்கும் இடத்தை மட்டும் நோட்டில் முன்னால் தள்ளிப்போய் விளையாட்டாகப் பேசிப் பார்த்தார்கள். பின்பக்கத்தில் தலையணை வைத்து அவர் தூங்கிக்கொண்டிருந்தார் என்று கன்னியப்பன் படித்ததும் முபாரக் எழுந்தே நின்றுவிட்டார்.

"தலகாணின்னா எழுதிக்கீது? நெசமாவா?"

"நெசமாத்தான் பாய்," என்றார் ஜெகன். "மத்த மூணு சுவிசேஷத்துல தலகாணி கெடையாது. இதுல மட்டும்தான்."

"அப்ப இத்த எழுதினவரு கண்ணால பார்த்தவங்க கிட்டத்தான் கேட்டிருக்கணும். வேற யாரு தலகாணிய ஞாபகம் வெச்சுப்பாங்க?" முபாரக் பக்கத்திலிருந்த தலையணையைத் தட்டிக் கொடுத்தார். "புயல்லயும் ஒருத்தரு தூங்கறாருன்னா எத்தினி அலுப்பு இருந்திருக்கும்."

சுலோச்சனாவும் சிரித்தார். புதுக் குரல் அவருக்கும் பிடித்துத்தான் இருந்தது. மூன்றாம் அதிகாரம் வரும்வரை எல்லாம் நன்றாகப் போயிற்று.

ஜெப ஆலயத்தில் கை சூம்பிப்போன ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். அன்றைக்கு ஓய்வுநாள். எந்த வேலையும் செய்யக் கூடாது. இயேசு அவனைக் குணமாக்கினால் குற்றம் சாட்டலாம் என்று சிலர் காத்திருக்கிறார்கள். அவனை எழுந்து நடுவில் வந்து நிற்கச் சொல்லிவிட்டு அவர் எல்லாரையும் பார்த்துக் கேட்கிறார், ஓய்வுநாளில் நல்லது செய்வது சரியா, கெட்டது செய்வது சரியா என்று. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

கன்னியப்பன் படித்தார். "யாரும் பேசல. அவரு சுத்தி நின்ன எல்லாரையும் வருத்தத்தோட பார்த்தாரு. அப்பால அந்தாளு கிட்ட, 'கைய நீட்டு'ன்னாரு."

படித்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். மறுபடி படித்தார். நான்கு தடவை படித்தார். 'கைய நீட்டு' என்பது ஒருதடவை கெஞ்சுவதுபோல வந்தது, ஒருதடவை அழுவதுபோல.

"ஒக்கார மாட்டேங்குதே நர்சம்மா," என்றார். "இந்த எடத்துல வெறும் வருத்தம் இல்ல. அத்தினி பேரு மொறச்சிகினு நிக்கறாங்க. ஒருத்தன் கை வெளங்காம நடுவுல நிக்கறான். அவனுக்காக ஒரு வார்த்த பேச ஆளில்ல. அந்த நேரத்துல 'கைய நீட்டு'ன்னு சொல்றவரு கோவத்துல இருக்கணும். இல்லன்னா அந்த வார்த்த எய்ந்து வராது."

"அவருக்குக் கோவம் வராதுன்னு சொன்னேனே."

"புஸ்தகத்துல எப்படி கீது?"

"அப்படித்தான் கீது," என்றார் சுலோச்சனா. குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

ஜெகன் தன் வேதாகமத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தைப் பார்த்தார், சுலோச்சனாவைப் பார்த்தார், மறுபடியும் பக்கத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "வருத்தமும் கீதும்மா. கூடவே கோபமும் கீது."

சுலோச்சனா கன்னியப்பன் கையிலிருந்த நோட்டை வாங்கினார். மற்ற இரண்டையும் எடுத்துக் கைப்பைக்குள் வைத்தார். "எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் ஒருமணி நேரம் இருந்தது.

கன்னியப்பன் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது சொக்கம்மாள் அவரைக் கடிந்துகொண்டாள். "ரெண்டு வருஷம் ராவும் பகலும் எழுதினவங்கள பாஸ்டரு முன்னாடியா கேப்ப? தனியா கேட்டா ஆவாதா?"

இரண்டு நாள் சுலோச்சனா வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் செவ்வந்தி போனாள். பிரஷர் பார்த்துக்கொள்ள மாதம் ஒருமுறை வருவது வழக்கம். சுலோச்சனா அவள் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, முள் இறங்குவதைப் பார்த்தார். "நல்லாத்தான் கீது. உப்பக் கொற," என்றார். செவ்வந்தி எழுந்திருக்கவில்லை.

"பதிவு நின்னுப் போச்சாமே. கோவம்னு ஒரு வார்த்தைய வுட்டுட்டியாமே நீ. பாஸ்டரு சம்சாரம் சொல்லுச்சு."

சுலோச்சனா பட்டையைச் சுருட்டினார். மறைத்துப் பேச அவருக்குத் தெம்பு இல்லை. "ஒரு வார்த்த இல்லடி. அஞ்சு எடத்துல வுட்டுட்டேன். தெரிஞ்சேதான் வுட்டேன்."

"ஏம்மா?"

"எங்க வூட்டுக்காரர நீ பார்த்துக்கீற. சாப்பாட்டுத் தட்டு எந்தப் பக்கம் பறக்கும்னு தெரியாது. இருவத்தோரு வருஷம் அந்தக் கோவத்துக்குக் கீழ இருந்தேன். அப்ப எல்லாம் ராத்திரி ஜெபம் பண்ணும்போது, கோவமே படாத ஒருத்தரு கிட்டப் பேசறேன்னு நெனச்சுப்பேன். அத்தினி ஆறுதலா இருக்கும். அந்த வரி வரும்போது பேனா ஓடல. இவரு ஒருத்தராச்சும் அப்படி இல்லாம இருக்கட்டுமேன்னு..."

செவ்வந்தி அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"பூஜா பொறந்த அன்னிக்கு நீ சாந்தமாவா இருந்த?"

சுலோச்சனா நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு நெனப்பு இருந்துச்சு, போச்சு, திரும்ப வந்துச்சு. ஆனா ஒங்கொரலு மட்டும் நல்லா ஞாபகம் கீது. செவ்வாக்கெயம. மூணு மணி. எனக்கு ரத்தம் நிக்காம போய்க்கினு கீது. எங்க மாமனாரு பெருமாளு வாசல்ல குறுக்க நின்னுகினு, ராவு காலம் முடியட்டும், நாலரைக்கு மேல கூட்டிகினு போலாம்ன்றாரு. தெருவே நிக்குது. ஒருத்தரும் பேசல. நீ அவரு மூஞ்சிக்கு நேரா நின்னு, 'ஒங்க மருமவ பொயக்கணுமா, ஒங்க நேரம் பொயக்கணுமா? வழிய வுடுங்க'ன்னு ஒரு சத்தம் போட்ட பாரு. அந்த மனுசன் பயந்து நகந்தாரு. அப்பால என் பக்கம் திரும்பி, 'கைய குடுடி, என் தோள்ல போடு'ன்ன. பால் வண்டியில ஏத்திகினு உத்திரமேரூரு ஆஸ்பத்திரிக்கு வந்த. அன்னிக்கு நீ சாந்தமா இருந்திருந்தா நானும் இல்ல, பூஜாவும் இல்ல. அவ இன்னிக்கு ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ்ல ஏறி வேலைக்குப் போறா."

அந்த நாள் சுலோச்சனாவுக்கும் நினைவிருந்தது. ஆனால் அன்றைக்குத் தான் போட்ட சத்தத்தையும் தன் புருஷன் போட்ட சத்தத்தையும் அவர் ஒருநாளும் ஒரே பெயர் சொல்லி அழைத்ததில்லை.

"ஒங்க வூட்டுக்காரரு கோவப்பட்டப்ப நீ எந்தப் பக்கம் ஓடுவ?" என்றாள் செவ்வந்தி.

"சமையக்கட்டுக்குள்ள."

"நீ அன்னிக்குக் கோவப்பட்டப்ப நான் ஒங்கிட்டதாம்மா வந்தேன்."

செவ்வந்தியைச் சுலோச்சனா வாசல்வரை வந்து அனுப்பிவைத்தார். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, வேதாகமத்தையும் நோட்டுகளையும் மேசைமேல் பிரித்து வைத்தார். ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுப் பார்த்துச் சிவப்புப் பேனாவால் எழுத ஆரம்பித்தார். மத்தியானச் சாப்பாடு மறந்துபோயிற்று.

திங்கட்கிழமை கிடங்குக்கு அவர்தான் முதலில் வந்தார். கன்னியப்பன் உள்ளே நுழைந்ததும் கைகூப்பி, "அன்னிக்கு ஒங்க மனச நோவடிச்சிட்டேம்மா," என்று ஆரம்பித்தார். சுலோச்சனா அவரை முடிக்க விடவில்லை.

"நீங்க சரியாத்தான் கேட்டீங்க தம்பி. நான்தான் சரியா எழுதல. எனக்கு எப்படிப்பட்டவரு வேணுமோ அப்படி எழுதிட்டேன். இப்ப புஸ்தகத்துல எப்படி கீறாரோ அப்படி எழுதிகினு வந்துக்கீறேன்." நோட்டை விரித்துக் காட்டினார். "இந்தப் பாருங்க. கொயந்தைங்கள வரவுடாம கூட இருக்கற சீஷருங்க வெரட்டறாங்க. அப்ப அவருக்கு எரிச்சல் வருது. நான் அத்த எடுத்துட்டிருந்தேன். காது கேக்காத ஒருத்தன நல்லாக்கறதுக்கு முன்னாடி வானத்தப் பார்த்து பெருமூச்சு வுடறாரு. அதையும் வுட்டுட்டேன். அவரு ஏன் பெருமூச்சு வுடணும்னு எனக்குப் பட்டுது. சொந்த ஊர்ல ஜனங்க நம்பாததால பெருசா ஒண்ணும் செய்ய முடியலன்னு கீது. அது அவருக்குக் கொறச்சல்னு மாத்திட்டேன். ஒரு குருடன ரெண்டு தடவ தொட்டாத்தான் பார்வ தெளியுது. ஒரே தடவன்னு எழுதிட்டேன்."

"ரெண்டு தடவ இருந்தாத்தான் நல்லா கீது," என்றார் முபாரக் மைக்கைச் சரிபண்ணிக்கொண்டே. "மொத தடவ சரியா வரலன்னா வுட்டுட்டுப் போவாம திரும்பப் பார்க்கறாரு பாரு."

"அந்தக் கை சூம்பினவன் கதையில," என்றார் சுலோச்சனா, "அவரு கோவத்துல யாருக்கும் அடி விழல. ஒரு கை நல்லாச்சு. இத்தினி வருஷம் அந்த வரியப் படிச்சுகினு கீறேன். கோவத்தப் பார்த்துட்டு பயந்து ஒதுங்கிட்டேன், கைய நான் பார்க்கவே இல்ல."

கன்னியப்பன் நோட்டை வாங்கி அந்தப் பக்கத்தை எடுத்தார். பூஜா பிறந்த அன்று செவ்வந்தி வீட்டு வாசலில் நடந்ததைச் சுலோச்சனா சொல்லியிருந்தார். கன்னியப்பன் கண்ணை மூடி, ஒரு வாசலையும், குறுக்கே நிற்கும் ஒருவரையும், பேசாமல் நிற்கும் தெருவையும் நினைத்துக்கொண்டார். பிறகு படித்தார். கேள்வியைக் கேட்கும்போது அவர் குரல் இறுகியிருந்தது. யாரும் பதில் சொல்லாத இடத்தில் ஒரு கணம் நிறுத்தினார். "அவருக்குக் கோவம் வந்துச்சு. அவங்க மனசு இப்படிக் கல்லா கீதேன்னு வருத்தமும் வந்துச்சு. எல்லாரையும் ஒரு பார்வ பார்த்தாரு. அப்பால அவன் கிட்டத் திரும்பினாரு. 'கைய நீட்டு.'"

கடைசி இரண்டு சொல்லில் கோபம் அப்படியே இருந்தது. ஆனால் அது அவன்மேல் இல்லை, அவனுக்காக என்பது யாருக்கும் தெளிவாகக் கேட்டது. முபாரக் பொத்தானை அமுக்கி நிறுத்திவிட்டு, "இது போதும்," என்றார். மறுபடி எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு வேலை தடையில்லாமல் ஓடியது. பிள்ளைக்காக வந்த ஒரு வெளியூர்ப் பெண்ணிடம் இயேசு முதலில் முடியாது என்று சொல்லி, அவள் எதிர்த்துப் பேசிய பதிலைக் கேட்டு மனம் மாறும் இடத்தைக் கன்னியப்பன் சிரித்துக்கொண்டே பேசினார். வாதத்தில் தோற்றுப்போய்ச் சந்தோஷப்படுகிற ஒருவரின் சிரிப்பு அது. பணக்காரன் ஒருவன் சொத்தை விட மனமில்லாமல் திரும்பிப் போகும் இடத்தில், போவதற்கு முன் அவனைப் பார்த்து அன்புகொண்டார் என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்தபோது சுலோச்சனா, "அந்த வரிய நான் தொடல. அது மொதல்லேர்ந்தே கீது," என்றார் பெருமையாக.

சிலுவை வந்த அன்று முபாரக் கொஞ்சம் யோசித்தார். "எங்க கிதாபுல இது வேற மாதிரி நைனா, அவரு சிலுவையில சாவல," என்றார். "அதுக்காக வேலைய நிறுத்த வேணாம். நீ பேசு, நான் வாசல்ல நின்னு யாரும் சத்தம் போடாம பார்த்துக்கறேன்." மைக்கை ஜெகனிடம் விளக்கிக் கொடுத்துவிட்டு, பஜார் பக்கமாக முகத்தைத் திருப்பி நின்றுகொண்டார். ஏன் என்னைக் கைவிட்டாய் என்று கேட்கும் அந்த ஒரு வாக்கியத்தைக் கன்னியப்பன் ஒரே தடவைதான் சொன்னார். சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

ஈஸ்டர் ஞாயிறு ஆராதனை முடிந்து, ஷாமியானா பந்தலின் கீழ் பிரிஞ்சியும் தயிர்ப் பச்சடியும் சாப்பிட்டு, அப்படியே பாயில் உட்கார்ந்து சபை முழுக்கக் கேட்டது. சொக்கம்மாளும் வந்திருந்தாள். முபாரக் குடும்பத்துடன் வந்து ஆண்கள் பக்கம் கடைசியில் உட்கார்ந்தார். இரண்டரை மணி நேரம் ஓடியது. சாப்பிட்ட மயக்கத்தில் ஓரிருவர் சாய்ந்தார்கள். மற்றவர்கள் யாரும் எழுந்துபோகவில்லை. சீஷர்கள் புரியாமல் முழிக்கும் இடங்களில் பெண்கள் சிரித்தார்கள். 'கைய நீட்டு' வந்தபோது செவ்வந்தி சுலோச்சனாவின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சுலோச்சனா தன் மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய கைப்பிரதிகளில் இந்தச் சுவிசேஷம் கல்லறைக்குப் போன பெண்களோடு சட்டென்று நின்றுவிடுகிறது என்று ஜெகன் சொல்லியிருந்ததால் சுலோச்சனாவும் அங்கேயே நிறுத்தியிருந்தார். கல்லறை காலி. அவர் எழுந்துவிட்டார், போய்ச் சொல்லுங்கள் என்று உள்ளே உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளை உடுப்புக்காரர் சொல்கிறார். பெண்கள் நடுங்கிப்போய் ஓடுகிறார்கள். பயத்தில் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அதோடு பிளேயர் நின்றது.

"அவ்ளோதானா?" என்றாள் செவ்வந்தி.

"அவ்ளோதான்," என்றார் ஜெகன்.

"யாருக்கும் சொல்லலன்னா நமக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பந்தலே சிரித்தது. ஜெகன் விளக்கம் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சுலோச்சனா சொன்னார். "பயம் தெளிஞ்சதும் சொல்லியிருப்பாங்கடி. ஒடனே சொல்லணும்னு இன்னா கீது?"

வெயில் தாழ்ந்த பிறகு கன்னியப்பனும் சொக்கம்மாளும் ஆட்டோவில் புறப்பட்டார்கள். ஏரிக்கரைக் காற்று குளுமையாக இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் சொக்கம்மாள் பேச ஆரம்பித்தாள்.

"எனக்கு எந்த எடம் புடிச்சுது தெரியுமா? அந்தப் பன்னண்டு வயசுப் பொண்ணு. செத்துப் போச்சுன்னு வூடே அழுதுகினு கீது. அவரு போயி கையப் புடிச்சு எய்ப்பினாரு. எல்லாரும் ஆன்னு பார்த்துகினு நிக்கறாங்க. அவரு, 'மொதல்ல பொண்ணுக்குத் துன்ன ஏதாச்சும் குடுங்க'ன்றாரு."

"ஆமா."

"அத்தினி அதிசயம் நடந்துகினு கீதே, அந்த நேரத்துல பொண்ணுக்குப் பசிக்கும்னு ஒரு ஆம்பளைக்குத் தோணிச்சு பாரு."

கன்னியப்பன் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "ஒனக்குப் பசிக்குதா இன்னா?"

"பசிக்காம? அங்க சாப்பிட்டது பன்னண்டு மணிக்கு."

திருமுக்கூடல் சாலை முனையில் டீக்கடைக்காரர் அப்போதுதான் மிளகாய் பஜ்ஜியை எண்ணெயிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். கன்னியப்பன் ஆட்டோவை ஓரங்கட்டினார்.